கறிக்கு ஒரு நேரம், காய்க்கு ஒரு நேரம்: வீட்டில் மாட்டுக்கறி ஸ்டூ

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னை வியாசர்பாடியில் வீடு. வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து மாட்டுக்கறியும் காய்கறியும் போட்டு ஸ்டூ வைத்திருக்கிறீர்கள். அவர் சொன்னபடியே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி, ஒன்றரை மணி நேரம் வேகவிட்டும் கறி ரப்பராக இழுத்திருக்கிறது. காய் கூழாகிவிட்டது, குழம்பு தண்ணியாகவே நின்றது. சோள மாவைக் கரைத்து ஊற்றியதும் கொழகொழவென்று ஆகிவிட்டது. வீட்டில் ஓவன் கிடையாது. 5 லிட்டர் குக்கர் ஒன்றும் இரும்புக் கடாய் ஒன்றும் இருக்கின்றன. அம்மாவுக்குப் பல் சரியில்லை, காரமும் ஆகாது.

வீடியோக்காரர் மேல் தப்பில்லை. அவர் சமைத்த மாடு வேறு, நீங்கள் வாங்கிய மாடு வேறு, அவ்வளவுதான்.

அங்கே கறிக்காகவே வளர்க்கிற மாட்டை இரண்டு வயது வாக்கில் வெட்டிவிடுவார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டுக்குத்தான் பொதுவாக வெட்டச் சான்று கிடைக்கும். எருமைக்கும் அதே சட்டம்தான். ஆக, நம் கடைக்கு வருவது பெரும்பாலும் ஏர் இழுத்த, வண்டி இழுத்த, பால் கறந்து ஓய்ந்த உடம்பு. உழைத்த சதையில் ஜவ்வு அதிகம். வயதாக ஆக அந்த ஜவ்வின் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிப் போகும். இளங்கன்றின் ஜவ்வு ஒன்றரை மணி நேரத்தில் கரையலாம், இது கரையாது. அதனால் உங்கள் கறி வெந்து கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அது வேகவே இல்லை. சதை சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது, ஜவ்வு மட்டும் இளகாமல் நின்றுவிட்டது. அந்த நிலையில் பலரும் 'அதிகமாக வெந்து ரப்பராகிவிட்டது' என்று அடுப்பை அணைத்துவிடுவார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டிருந்தால் கறி சரியாகியிருக்கும். ஆனால் காய் என்ற பெயரில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்டூவில் கஷ்டம் என்றால் இது ஒன்றுதான். கறிக்கு வேண்டிய நேரம் காய்க்கு ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கறி வாங்குவதில் பாதி வேலை முடிந்துவிடும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (இறைச்சிக்கூடம்) பக்கமோ உங்கள் தெருமுனைக் கடையோ, எங்கே வாங்கினாலும் வாயைத் திறந்து கேளுங்கள். சும்மா 'ஒரு கிலோ போன்லெஸ்' என்றால் தொடைக்கறியை வறுவலுக்குப் போடுகிற மாதிரி பொடிப்பொடியாக நறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். தொடைக்கறி பார்க்கச் சிவப்பாக, சுத்தமாக, அழகாக இருக்கும். ஸ்டூவுக்கு அது வேண்டாம், கொழுப்பும் ஜவ்வும் இல்லாததால் வெந்தபின் நார்நாராக வறண்டுவிடும். நமக்கு வேண்டியது முன்னங்கால் சதை, கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி. வெட்டினால் நடுவில் வெள்ளைக் கோடாக ஜவ்வு ஓட வேண்டும். 'பாய், ஸ்டூவுக்கு வேணும். முன்னங்கால் கறி, ஜவ்வை எடுக்காதீங்க, துண்டு பெருசா, ரெண்டு விரல் அகலத்துக்குப் போடுங்க, கூட ரெண்டு நல்லி எலும்பும் வெட்டிக் குடுங்க' என்று சொன்னால் போதும். ஜவ்வு வேண்டும் என்று கேட்கிற ஆளை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், பார்க்கட்டும். துண்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெந்தால் நன்றாகச் சுருங்கும். சின்னத் துண்டு குழம்பில் காணாமல் போய்விடும்.

கொழுப்பின் நிறத்தைப் பார்த்தால் பசு இனமா எருமையா என்று தெரியும். மாட்டுக் கொழுப்பு மஞ்சள் ஓடியிருக்கும், எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். எருமைக்கறி இன்னும் கருஞ்சிவப்பு. ஸ்டூவுக்கு இரண்டும் ஆகும், எருமைக்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வாங்கிவிடுங்கள். தொட்டால் கறி பிசுபிசுக்கக் கூடாது, புளித்த வாடை வரக் கூடாது.

ஒரு கிலோ கறிக்கு அளவு சொல்கிறேன், ஐந்தாறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். நல்லி எலும்பு இரண்டு துண்டு. பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு பத்துப் பல், நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டு. உருளைக்கிழங்கு அரைக் கிலோ, கேரட் கால் கிலோ, நூக்கல் ஒன்று, பீன்ஸ் ஒரு பிடி, பச்சைப் பட்டாணி ஒரு பிடி. முழு மிளகு பதினைந்து, கிராம்பு நான்கு, சுண்டுவிரல் நீளப் பட்டை, பிரிஞ்சி இலை இரண்டு. கொத்தமல்லித் தண்டும் வேரும் ஒரு சின்னக் கட்டு, நூலால் கட்டியது. வினிகர் இரண்டு தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. இஞ்சி பூண்டு விழுதைத் தொடாதீர்கள், போட்டால் வாசம் சால்னா பக்கம் போய்விடும். பூண்டை மட்டும் தட்டிப் போட்டால் போதும். தைம், ரோஸ்மேரி எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் காய்ந்தது கிடைக்கும். இருந்தால் ஒரு சிட்டிகை போடலாம், இல்லையென்றால் தேடி அலைய வேண்டாம். கொத்தமல்லி வேருக்கு இருக்கிற மணம் அந்த டப்பாவில் வராது என்பது என் கட்சி.

கறியைக் கழுவாமல் சமைக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. கழுவுங்கள், ஆனால் கழுவிய ஈரத்தோடு கடாயில் போடாதீர்கள். சல்லடையில் அரை மணி வடியவிட்டு, சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து, ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பைப் புரட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் ராத்திரியே செய்துவிட்டால் உப்பு உள்ளே இறங்கிவிடும், மேல்பக்கமும் காய்ந்திருக்கும். ஈரம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, கறி தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். சிவந்து வறுபட 140 டிகிரிக்கு மேல் வேண்டும். பப்பாளிக்காய் அரைத்துத் தடவச் சொல்லி யாராவது யோசனை கொடுப்பார்கள். சீக் கபாபுக்கு அது சரி. ஸ்டூவில் துண்டின் மேல்பக்கம் மாவாகும், நடுவில் இருக்கிற ஜவ்வு அப்படியே இருக்கும்.

இரும்புக் கடாயை நன்றாகக் காயவிட்டு எண்ணெய் ஊற்றி, கறியை மூன்று நான்கு ஈடாக வறுங்கள். ஒரு கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினால் கடாய் குளிர்ந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கட்டும். போட்டதும் கிளறாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடியை விட்டு விலகும், அப்போது திருப்புங்கள். இரண்டு பக்கம் நன்றாகச் சிவந்தால் போதும். வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று சொல்வது வெறும் நம்பிக்கை, சாறு எப்படியும் வெளியே வரும். வறுப்பது நிறத்துக்கும் ருசிக்கும்தான். ஸ்டூவில் மசாலாப் பொடியே கிடையாது என்பதால் இந்த ருசியை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. வீடியோவில் கறியை மைதாவில் புரட்டி வறுத்திருப்பார்கள். இரும்புக் கடாயில் அந்த மாவு கருகிக் கசப்பேறும், அதை விட்டுவிடலாம்.

வறுத்த கறியைக் குக்கரில் மாற்றுங்கள். அதே கடாயில் வெங்காயத்தை நீளமாக நறுக்கிப் போட்டு, தீயைக் குறைத்து, பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இருபது நிமிடம் ஆகும். இங்கே அவசரப்பட்டால் குழம்பு கடைசிவரை வெளுத்தே இருக்கும். பிறகு பூண்டு, அதன்பின் தக்காளி. தக்காளி கரைந்து, பச்சை வாடை போய், எண்ணெய் பிரிந்து, நிறம் செங்கல்லாக மாறட்டும். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கடாயின் அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டி எடுத்து, அதையும் குக்கரில் ஊற்றிவிடுங்கள். அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது. கருகிக் கறுப்பாகியிருந்தால் மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பக்கத்து ஆளாக ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் ஸ்டூவில் ஊற்றுகிற வொர்ஸ்டர்ஷயர் சாஸில் முக்கியமாக இருப்பவற்றில் நெத்திலி வகை மீனும் புளியும் வினிகரும் உண்டு. நம்மிடம் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. இரண்டே இரண்டு, தலையைக் கிள்ளி, வெறும் கடாயில் வறுத்துப் பொடித்து, வெங்காயம் வதங்கும்போது போட்டுவிடுங்கள். கருவாட்டு வாசமே தெரியாது, கறியின் ருசி மட்டும் ஒரு படி ஏறும். மூன்றாவதைப் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குக்கரில் கறி, நல்லி, வதக்கியது, மிளகு, பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, கொத்தமல்லிக் கட்டு. தண்ணீர் 750 மில்லி போதும். குக்கரில் ஆவி அதிகம் வெளியே போகாது, நிறைய ஊற்றினால் அது அப்படியே நிற்கும். தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. நம் பக்கம் கடலோரம் என்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஸ்டூ வற்ற வற்ற அந்தக் கரிப்பும் சேர்ந்து ஏறும். அதோடு கடினத் தண்ணீரில் காயும் சீக்கிரம் வேகாது. மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள்.

எத்தனை விசில் என்று கேட்டிருந்தீர்கள். விசிலை எண்ணாதீர்கள், அது குக்கருக்குக் குக்கர் மாறும். முதல் விசில் வந்ததும் தீயை முழுக்கக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். நாற்பது நிமிடம். குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும், அதனால்தான் திறந்த பாத்திரத்தில் மூன்று மணி நேரம் பிடிக்கிற ஜவ்வு இங்கே முக்கால் மணியில் இளகுகிறது. சிலிண்டர் விலைக்கு மூன்று மணி நேரம் அடுப்பை எரிப்பதும் நமக்குக் கட்டுப்படியாகாது. அணைத்தபின் ஆவியைக் கரண்டியால் தூக்கிவிடாமல் தானாக அடங்கவிடுங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் கொந்தளித்துக் கறியைப் பிய்த்துவிடும்.

திறந்து, ஒரு துண்டை எடுத்து ஸ்பூனின் விளிம்பால் அழுத்துங்கள். வெட்டாமலே பிரிய வேண்டும். பிரியவில்லையென்றால் மூடி, இன்னும் பதினைந்து நிமிடம். அதிலும் ஆகவில்லையென்றால் மறுபடி பதினைந்து. நீங்கள் வாங்கிய மாட்டின் வயது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் கடிகாரத்தை முழுக்க நம்பாமல் ஸ்பூனை நம்புங்கள்.

வசதிப்பட்டால் அன்றைக்கு இதோடு நிறுத்திவிடுங்கள். கறி குழம்பிலேயே ஆறும்போது சாறை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பட்டை, இலை, கொத்தமல்லிக் கட்டை எடுத்துவிட்டு, நல்லிக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தட்டிக் குழம்பில் விட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே கொழுப்பு தட்டாக உறைந்திருக்கும். பாதியை எடுத்துவிடுங்கள், மீதி ருசிக்கு வேண்டும். எடுத்த கொழுப்பில் முட்டைப் பொரியல் செய்தால் எண்ணெயே வேண்டாம். அடியில் குழம்பு அசையாமல் கட்டியாக நின்றால் நீங்கள் சரியான கறி வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அது ஜவ்வு கரைந்து வந்த கட்டி. சோள மாவு தண்ணீரைக் கெட்டியாக்கும், ருசியைக் கூட்டாது. இந்தக் கட்டி சூடானதும் இளகி, உதட்டில் லேசாக ஒட்டுகிற பதத்தில் நிற்கும்.

இப்போது காய். குக்கர் மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், இனி அது வேண்டாம். கறிக் குழம்பை அகலமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, காயை அதன் குணத்தைப் பார்த்துப் போட வேண்டும். முதலில் நூக்கலும் கேரட்டும், பெரிய துண்டாக. கேரட் ஊட்டியிலிருந்து வந்ததாக இருந்தால் இனிப்பு தனியாகத் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு, நான்காக வெட்டியது. தக்காளியின் புளிப்பு இருக்கிற குழம்பில் உருளை வேகச் சற்று நேரம் பிடிக்கும், அதே புளிப்புதான் அது கரையாமல் உருவத்தோடு நிற்கவும் உதவுகிறது. இருபது நிமிடம் வையுங்கள், கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது பீன்ஸ், மூன்று நிமிடம் இருக்கும்போது பட்டாணி. தளதளவென்று கொதிக்கவிடாமல் ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற அளவுக்குத் தீ இருந்தால் போதும். தண்ணீர் குறைவாகத் தெரிந்தால் வெந்நீர் சேருங்கள். முட்டைக்கோஸ் பிடித்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் பெரிய இதழாகப் போடலாம். முருங்கை, கத்தரி, வெண்டை வேண்டாம், அது சாம்பார் நினைப்பு. பூசணி இனிப்பு ஏற்றிவிடும்.

இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் வெந்த உருளையில் நான்கு துண்டை எடுத்து மசித்துக் கலந்துவிடுங்கள். அதுவும் போதவில்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி மைதாவை உருண்டையாகப் பிசைந்து குழம்பில் கரைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதைவிட இது கட்டி தட்டாது. எனக்கு உருளையே போதும்.

உப்பைக் கடைசியில்தான் சரி பார்க்க வேண்டும். வினிகரையும் அடுப்பை அணைக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள். அந்த இரண்டு தேக்கரண்டியில் மந்தமாக இருந்த குழம்பு எழுந்து நிற்கும். வெளிநாட்டில் ஒயின் ஊற்றுவதும் ஓரளவு இந்தப் புளிப்புக்காகத்தான், அது இல்லையே என்று வருந்த வேண்டாம். அம்மாவுக்குக் காரம் ஆகாது என்பதால் மிளகை முழுதாகவே விட்டேன், ஓரம் ஒதுக்கிவிடலாம். மற்றவர்கள் தட்டில் மிளகைப் பொடித்துத் தூவிக்கொள்ளட்டும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வைக்கிற ஸ்டூவில் கீறிய பச்சை மிளகாய் இரண்டும் சேரும், உங்களுக்குத் தனியாக வைத்தால் அப்படிச் செய்து பாருங்கள். தேங்காய்ப்பால் ஊற்றி ஆப்பத்துக்கு வைக்கிற ஸ்டூ வேறு வழி. அதில் கறியை வறுக்கவும் கூடாது, தக்காளி சேரவும் கூடாது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

அம்மாவின் பல்லுக்காகக் கறியைக் கொத்துக்கறியாக வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொத்தினால் ஜவ்வு போய்விடாது, பல்லிடுக்கில் சிக்கும். நெஞ்சுக்கறியில் நாலைந்து துண்டை அவருக்கென்று சேர்த்து, குக்கர் நேரத்தை ஒரு மணியாக்கிவிடுங்கள், நாக்கால் அழுத்தினாலே உடையும். முன்னங்கால் கறியும் அதில் கெட்டுப்போகாது, கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான்.

தொட்டுக்கொள்ள பிரெட் என்றால் பேக்கரியில் சால்ட் பிரெட் கேட்டு வாங்கி, கல்லில் வெண்ணெய் தடவிச் சுட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பிரெட்டின் இனிப்பு இதற்கு ஒத்துவராது. சுடுசோற்றுக்கும் நன்றாகவே சேரும். பரோட்டாவுக்குச் சால்னாதான் சரி, ஸ்டூ அங்கே தோற்றுவிடும்.

மிச்சமானதை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விட்டுவிடாதீர்கள். கறிச்சாறும் உருளையும் சேர்ந்தது சென்னை வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பாத்திரத்தோடு வைத்தால் ஆற நேரமாகும், இரண்டு மூன்று டப்பாவாகப் பிரித்து வையுங்கள். மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். ஃப்ரீசரில் வைப்பதானால் காய் போடுவதற்கு முன், கறியும் குழம்புமாக வையுங்கள். உருளை ஃப்ரீசரில் இருந்து வந்தால் மணல்மணலாகிவிடும். ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் அன்றைக்குப் புதுக் காய் நறுக்கிப் போட்டால் அரை மணியில் ஸ்டூ தயார்.